நாணற் பாத்தியும் சங்கக் கணக்கும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் இந்தச் சில ஆண்டுகளுக்குள் வீட்டு வாசலுக்கே குடிநீர்க் குழாய் வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. இடுப்பில் குடம் சுமந்த பெண்களின் பாரம் குறைந்தது குறித்து மகிழாதார் இரார். ஆனால் வீட்டுக்குள் வந்த தண்ணீர் எவ்வழியாக வெளியே போகும் என்ற கேள்வியைப் பல ஊர்களில் முன்கூட்டியே எவரும் கேட்கவில்லை. குடத்தில் நீர் கொணர்ந்த நாளில், பாத்திரம் கழுவிய நீர் கொல்லைப்புறத்து வாழையின் அடிக்குப் போயிற்று. இன்று பல வீடுகளில் கொல்லையும் இல்லை, வாழையும் இல்லை. தண்ணீரோ முன்னினும் பன்மடங்கு. அது தெருவில் ஓடுகிறது. தெருவிலிருந்து ஏரியின் வரத்துக் கால்வாய்க்குப் போகிறது.

எமது அலுவல் காரணமாக நாம் சென்று வரும் ஊர்களுள், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அப்பால் ஒரு நெசவாளர் குடியிருப்பு உண்டு. ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அங்கத்தினர் வீடுகளோடு, ஆலைகளில் வேலை செய்ய வெளி மாநிலங்களிலிருந்து வந்தோர்க்கு வாடகைக்கு விடப்பட்ட வரிசை வீடுகளும் அங்கு நிறைந்துவிட்டன. இவ்வளவு வீடுகளின் சமையலறை நீரும் குளியலறை நீரும் ஒரே வாய்க்காலில் சேர்ந்து கீழேயுள்ள ஆயக்கட்டுக்குப் போகின்றன. அந்த ஆயக்கட்டில் கீரையும் நெல்லும் பயிரிடுவோர் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்கள். சொர்ணவாரிப் பட்டத்தில் ஏரி வற்றிய பின், அவர்கள் பாத்திக்குப் பாயும் நீரில் பெரும்பங்கு இந்தச் சாக்கடை நீரேயாகும். களையெடுக்கும் பெண்களின் காலில் சொறி காண்கிறது என்றும், கிணற்று நீர் நாறுகிறது என்றும் கீழ்ச் சங்கத்தார் மனுக் கொடுத்தனர். 'எங்கள் வீட்டு நீரை நாங்கள் குடித்துவிடவா முடியும்?' என்று மேல் சங்கத்தார் பதில் எழுதினர். இரண்டு சங்கத்திலும் சம்பந்திகள் உண்டு. ஒரே வீட்டில் தறியும் ஏரும் உடையவர்களும் உண்டு. ஆயினும் இரண்டு ஆண்டுகளாக இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை.

இத்தகைய ஊர்களுக்கு நகரத்தில் உள்ளது போன்ற பாதாளச் சாக்கடையும் மின்சாரத்தால் இயங்கும் சுத்திகரிப்பு நிலையமும் அண்மையில் வரப்போவதில்லை. வந்தாலும் மின் கட்டணத்தையும் இயக்குபவர் சம்பளத்தையும் சிறிய பஞ்சாயத்து தாங்காது. ஆதலின் செலவு குறைந்த வேறொரு முறையை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். நாணற் பாத்தி என்று நாம் இங்குக் குறிப்பிடும் அதனைப் பொறியியலார் 'அமைக்கப்பட்ட ஈரநிலம்' என்றும் 'வேர் மண்டல முறை' என்றும் வழங்குவர்.

அதன் அமைப்பில் மாயம் ஒன்றும் இல்லை. முதலில் மூடப்பட்ட ஒரு வண்டல் தொட்டி. சோற்றுப் பருக்கை, எண்ணெய், மண் முதலியன இதிலேயே தங்கிவிட வேண்டும். அதையடுத்து 2 அடி ஆழத்தில் நீண்ட பாத்தி. நீர் நிலத்துக்குள் கசியாதபடி அதன் அடியிலும் பக்கங்களிலும் களிமண்ணை அடித்து இறுக்குவர். அல்லது தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இடுவர். பாத்தியைக் கழுவிய ஜல்லியால் நிரப்பி, அதில் நாணல், சம்பு, கல்வாழை இவற்றுள் கிடைப்பதை நடுவர். ஒரு தலைப்பில் புகும் நீர் ஜல்லியின் இடுக்குகள் வழியே சில நாட்கள் ஊர்ந்து மறு தலைப்பை அடைகிறது. நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழேயே நிற்குமாறு வெளியேறும் குழாயை வைப்பதால், கொசு முட்டையிட வெளிப்பட்ட நீர் கிடையாது. கொசு பெருகும் என்று அஞ்சுவோர்க்கு இதுவே விடை. மேற்பரப்பில் நீர் தேங்கிக் கண்ணுக்குத் தெரியுமானால் பாத்தியில் அடைப்பு விழுந்துவிட்டது என்று பொருள்.

நாணல்தான் அழுக்கை உண்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பகுதி வேலையைச் செய்வது ஜல்லிக் கற்களின்மேல் வழவழப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலமே. நாணல் அதற்குத் துணை நிற்கிறது. அதன் வேர்கள் ஜல்லிக்குள் இறங்கி நுண்ணுயிர்க்கு இடம் தருகின்றன. ஓரளவு பிராண வாயுவையும் கீழே கொண்டு சேர்க்கின்றன. நீரிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் சிறிதளவு உறிஞ்சிக்கொள்கின்றன. நோய்க் கிருமிகளும் இந்தப் பயணத்தில் பெரும்பாலும் மடிகின்றன. ஆனால் முற்றிலும் மடிவதில்லை என்பதை மறக்கலாகாது.

இது நேற்று முளைத்த யோசனையுமன்று. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் கோரை வகைகளைக் கொண்டு கழிவு நீரைத் தூய்மையாக்கும் சோதனைகளைத் தொடங்கினார். பின்னர் ராயினோல்ட் கிக்குத் என்பவரின் முறைப்படி 1974இல் ஓத்ஃபிரேசன் என்னும் சிற்றூருக்கு முழு அளவிலான வேர் மண்டலப் பாத்தி அமைக்கப்பட்டது. அதற்கும் முன்னரே, 1967இல், நெதர்லாந்து நாட்டில் விடுமுறை முகாம் ஒன்றின் கழிவு நீரை நாணற்குட்டைக்குள் விட்டுச் சுத்தம் செய்தனர். (நம் பழவேற்காட்டுக்குக் கைக்குட்டைத் துணி வாங்க வந்து 1613இல் கோட்டை கட்டிய அதே டச்சுக்காரர்களின் நாடுதான். நம்மிடம் துணி கொண்டவர்களிடம் நாம் நாணல் வித்தையைக் கற்றுக்கொள்வதில் தாழ்வு ஒன்றுமில்லை.) நம் நாட்டில் உஜ்ஜயினி நகரில் விக்ரம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1990களில் உள்நாட்டு நாணலையே நட்டுக் குடியிருப்புக் கழிவு நீரைச் சுத்தம் செய்து காட்டினர். நமக்கு இன்னும் அருகில், புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்து அரவிந்த் கண் மருத்துவமனையில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் லிட்டர் நீருக்கென அமைக்கப்பட்ட ஏற்பாட்டில் செடி நட்ட ஜல்லிப் பாத்தியும் ஒரு படியாகும். நேரில் காண விரும்பும் சங்கத்தார் ஒரு நாளில் போய்த் திரும்பலாம்.

நிலம் எவ்வளவு வேண்டும் என்பதே எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி. கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 100 வீடுகள், வீட்டுக்கு 4 பேர். 55 லிட்டர் வீதம் 400 பேருக்கு 22,000 லிட்டர். இதில் நூற்றுக்கு 80 பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியியலார் கொள்ளும் வழக்கம். ஆக 17,600 லிட்டர். 10 சென்ட் நிலம் ஏறத்தாழ 400 சதுர மீட்டர். அதில் 2 அடி ஆழம் ஜல்லி நிரப்பினால், கல் போக மீதியுள்ள இடுக்குகளில் 96,000 லிட்டர் அளவுக்கு நீர் நிற்கும். அதாவது இன்று புகுந்த நீர் வெளியே வர 5 நாட்களுக்குச் சற்று மேலாகும். நம் வெப்ப நாட்டில் சமையலறை, குளியலறை நீருக்கு இது பெரும்பாலும் போதும். கழிப்பறைத் தொட்டியின் கசிவும் சேருமாயின் 20 சென்ட் தேவை. வாடகை வீடுகள் மிகுந்த தெருவில் ஆள் கணக்கை எடுக்காமல் வீட்டுக் கணக்கை எடுத்தால் திட்டம் முதல் ஆண்டிலேயே திணறும்.

எல்லா ஊருக்கும் இது வேண்டும் என்று நாம் கூறவில்லை. வீட்டுக்கு வீடு தோட்டமும், நல்ல வடிகால் மண்ணும், ஆழ்ந்த நீர்மட்டமும் உள்ள இடத்தில் ஓர் உறிஞ்சு குழியே போதுமானது. அங்கே பாத்தி கட்டுவது வீண் செலவு. ஆனால் பொன்னேரி, பழவேற்காடு பக்கத்து மணற்பாங்கில் நீர்மட்டம் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்கிறது. அங்கே உறிஞ்சு குழி வெட்டுவது அடுத்த வீட்டுக் கிணற்றில் சாக்கடையை ஊற்றுவதற்குச் சமம். ஆரணியாறும் கொசத்தலையாறும் பாயும் இந்த நிலத்தின் அடிநீரைச் சென்னை மாநகரம் பல்லாண்டுகளாகக் குழாய்க் கிணறுகள் வைத்து இறைத்து வந்திருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. உப்பேறி வரும் நிலத்தில் மிஞ்சியிருக்கும் நல்ல கிணறு ஒவ்வொன்றும் சொத்தாகும்.

உப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால், நெசவாளர் சங்கத்தார் மனம் கோணினாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாயப்பட்டறை நீரை நாணற் பாத்திக்குள் விடலாகாது. பாவுக்குப் போட்ட கஞ்சியைக் கழுவிய நீர் வேறு. அது அரிசியின் மிச்சம், நுண்ணுயிர் அதை உண்டுவிடும். சாயத் தொட்டியிலிருந்து வருவது காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் உப்பும் கலந்த நீர். ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது ஒரு லிட்டர் நீருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புச் சேர்ப்பதை நம் சாயக்காரர்கள் அறிவர். நாணல் சாயத்தின் நிறத்தை ஓரளவு குறைக்கவும் கூடும். அதுவே பெரிய ஆபத்து என்போம். நிறம் போன நீரைக் கண்டு விவசாயி வயலுக்குத் திருப்புவான். உப்போ ஒரு பிடியும் குறையாமல் அதிலேயே இருக்கும்.

திருப்பூரில் நடந்தது நம் நினைவில் இருக்க வேண்டும். நொய்யலின் குறுக்கே கீழ்ப்பகுதி விவசாயிகளின் பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாக மாறிற்று. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே தடுக்கும் நிலை வந்தது. வழக்கு நடந்து, கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைகள் மூடப்பட்டன, தொழிலாளர் வேலையிழந்தனர், நிலமும் உடனே மீளவில்லை. நம் சங்கங்களின் சாயச் சாலைகள் அவற்றோடு ஒப்பிடச் சிறியவைதாம். ஆயினும் சிறிய சாயச் சாலைக்கும் தனிக் குழாய், கசியாத ஆவியாக்கும் தொட்டி, எஞ்சிய உப்பை விதிப்படி ஒப்படைக்கும் ஏற்பாடு ஆகியவை வேண்டும்.

தொழிற்பேட்டைக் கழிவுக்கும் இதே விதி. உருக்காலை, இரசாயன ஆலை முதலியவற்றின் நீரில் உள்ள உலோகங்கள் பாத்தியில் மறைந்துவிடுவதில்லை. ஜல்லியிலும் வேரிலும் சேர்ந்து நிற்கும். 'நாங்கள் பணம் தருகிறோம், எங்கள் நீரையும் உங்கள் பாத்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஏதேனும் ஆலை முன்வருமானால், நிர்வாகக் குழு நன்றி கூறி மறுத்துவிடுவதே விவேகம். ஆலைக் கழிவுக்கு ஆலையே பொறுப்பு என்பது 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கருத்து.

இவ்விடத்தில் படித்த அங்கத்தினர் ஒருவர் கொல்கத்தாவைக் காட்டி நம்மை மறுத்தார். அங்கு கார்டன் ரீச் பகுதியில் முதியாலி மீனவர் கூட்டுறவுச் சங்கம், துறைமுகத்தாருக்குரிய சதுப்பு நிலத்தில் ஆலை நீரும் வீட்டு நீரும் கலந்து வருவதைப் பல குட்டைகளின் வழியே செலுத்தி, மீன் வளர்த்துப் பிழைத்தது உண்மைதான். கூட்டுறவாளர் எவரும் பெருமைப்படத்தக்க வரலாறு அது. ஆனால் அவர்கள் வந்த நீரை அப்படியே விட்டுவிடவில்லை. வாயிலிலேயே சுண்ணாம்பு இட்டனர்; ஆகாயத் தாமரையும் நாணலும் நிறைந்த குட்டைகளில் தேக்கினர்; பின்னரே மீன் குட்டைக்கு விட்டனர். அவர்களுக்கு இருந்த பரப்பு பெரிது; நீரை நாள்தோறும் கவனிக்க முழுநேர உழைப்பாளர் இருந்தனர். அவ்வாறு இருந்தும், அத்தகைய மீனில் உலோகம் சேருமோ என்ற ஐயம் ஆராய்ச்சியாளரிடையே எழாமல் இல்லை. நமக்கு 10 சென்ட் நிலமும், மாலையில் ஓய்ந்த நேரத்தில் எட்டிப் பார்க்கும் ஒரு செயலாளருமே உண்டு.

முதியாலியிடம் நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. கவனிப்பதற்கு ஒரு சங்கம் இருந்தது என்பதே அது.

மற்றோர் ஊரில் ஒரு பாத்தியைக் கண்டோம். நன்கொடையாகக் கிடைத்த பணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்தது. திறப்பு விழாக் கல்வெட்டு இன்னும் பளபளக்கிறது. நாம் போனபோது நாணல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. நுழைவுக் குழாயில் பிளாஸ்டிக் பைகள். வண்டல் தொட்டி விளிம்புவரை நிரம்பி, சேறு ஜல்லிக்குள் இறங்கிவிட்டது. நீர் பாத்தியைச் சுற்றிக்கொண்டு பழைய வழியே ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவ்வூரார் 'நாணல் முறை பயன்படாது' என்று முடிவு கட்டியிருந்தனர். எமது தொழில் வழக்கப்படி கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். கட்டுமானச் செலவு ஜல்லி வண்டிக்கூலி வரை ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. விழாவுக்கு வாங்கிய மாலைச் செலவும் இருந்தது. பராமரிப்பு என்ற தலைப்பில் ஒரு வரியும் இல்லை. அதன்பின் வந்த எந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலும் இல்லை. அந்தப் பாத்தி அடைபட்டது குழாயில் அன்று, கணக்கில் என்றே நாம் கருதுகிறோம்.

பராமரிப்பு என்பது பெரிய வேலையுமன்று. வாரம் ஒருமுறை நுழைவுக் கம்பி வலையில் சிக்கிய குப்பையை எடுக்க வேண்டும். நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நாணலை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். பாத்தியிலேயே அழுகவிட்டால் எடுத்த சத்து மீண்டும் நீருக்கே போகும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டல் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பற்றி ஒரு சொல். தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் ஆளை இறக்கலாகாது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கும் மேலாக, விஷவாயுவில் மாண்டவர்களின் கணக்கு நம் மாநிலத்தில் சிறிதன்று. உறிஞ்சு வண்டியை வரவழைத்து அதற்குரிய கூலியைக் கொடுப்பதே முறை. நாணல் வெட்டுவதோ கரும்பு வெட்டுவது போன்ற வயல் வேலை. 'இதற்கு அந்தத் தெருக்காரர்களைக் கூப்பிடுங்கள்' என்று ஒரு கூட்டத்தில் குரல் எழுந்ததை நாம் காதாரக் கேட்டோம். கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபையில் அந்தச் சொல் எழுந்ததற்காக வெட்கப்பட்டோம். எல்லா வீட்டு நீரும் வரும் பாத்தியை எல்லா வீட்டாரும் முறைவைத்துக் காக்கட்டும்; இயலாதவர் கூலியைச் செலுத்தட்டும்.

பஞ்சாயத்து இருக்கையில் சங்கம் ஏன் இதில் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். நிலமும் வாய்க்காலும் பஞ்சாயத்தைச் சார்ந்தவை. அதன் அனுமதியும் தீர்மானமும் இன்றி ஒரு கல்லும் வைக்கக் கூடாது. ஏரிப் புறம்போக்கில் கட்டவே கூடாது. ஆனால் மாதந்தோறும் கூடும் குழுவும், சந்தா வசூலிக்கும் பழக்கமும், தணிக்கைக்கு உட்பட்ட கணக்கும் ஒரு தெருவின் அளவில் எவரிடம் உள்ளன? சங்கத்திடமே. துணைவிதிகளில் இடமிருக்குமாயின் பொது நன்மை நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகையை இதற்கென ஒதுக்கலாம். இடமில்லையெனில் வீட்டுக்குச் சிறு மாதக் கட்டணம் வைக்கலாம். தொகை சிறிதாயினும் தனித் தலைப்பில் எழுதப்பட வேண்டும். தலைப்பு இருந்தால் தணிக்கையாளர் கேட்பார். அவர் கேட்பார் என்ற அச்சத்தில் செயலாளர் பாத்தியை எட்டிப் பார்ப்பார்.

வெளிவரும் நீர் விவசாயிகள் சங்கத்துக்குரியது என்று எழுத்தில் உடன்படிக்கை செய்துகொண்டால், அவர்களும் செலவில் பங்கேற்க முன்வருவர். அந்நீர் குடிக்கத் தகாதது. பச்சையாக உண்ணும் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அதைப் பாய்ச்சக் கூடாது. இவ்வகையில் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளும் எச்சரிக்கையையே வற்புறுத்துகின்றன. தென்னை, வாழை, தீவனப் புல், வரப்போர மரங்கள் இவற்றுக்கு ஏற்றது. ஆகவே இப்போது கீரை விளையும் அந்த நாலைந்து பாத்திகளின் உரிமையாளர் பயிரை மாற்ற வேண்டியிருக்கும். இந்த இழப்பைச் சொல்லாமல் மறைத்து அவர்களிடம் கையெழுத்து வாங்குவது நேர்மையன்று. வெட்டிய நாணலை அவர்களுக்கே மூடாக்குக்குக் கொடுப்பது போன்ற சிறு சலுகைகள் பேச்சுக்கு உதவும்.

முதலில் கூறிய அந்த இரு சங்கங்களும் சென்ற நவரை நடவுக்கு முன் ஒன்றாகக் கூடின. மனுக்களைத் திரும்பப் பெறவில்லை; ஆனால் பஞ்சாயத்துத் தலைவரை உடன் வைத்துக்கொண்டு, வாய்க்காலின் மேற்புறம் உள்ள கிராம நத்தத்தில் 14 சென்ட் அளந்து கல் நட்டிருக்கின்றனர். பராமரிப்புக் கட்டணம் வாடகைக் குடியிருப்போரைச் சேருமா, வீட்டுக்காரரைச் சேருமா என்பது ஒருவாறு தீர்ந்தது: வீட்டுக்காரரையே சேரும். சாயத் தொட்டியின் குழாயைத் தனியே திருப்புவதற்கு ஆகும் செலவை நெசவாளர் சங்கம் முழுதும் ஏற்பதா, பாதி ஏற்பதா என்பதில் வாக்குவாதம் இன்னும் நடக்கிறது. முழுதும் ஏற்க வேண்டும் என்பது எமது கருத்து. அடுத்த மகாசபைக்கு நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம். அங்கும் இதையே கூறுவோம்.